காக்காப்பாறைக் கஞ்சி

பாலக்காட்டுப் பெருமாட்டியில் குப்பண்ணனுக்கு நூற்று நாற்பது தென்னை. யாராவது தோப்புக்கு வந்தால் நூற்று இருபத்தொன்பதைக் காட்டுவார். மேற்கோரத்தில் பழைய கல்குவாரிக் குழியை ஒட்டி நிற்கும் மீதிப் பதினொன்றின் பக்கம் ஆளைத் திரும்ப விடமாட்டார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே மோட்டார் ரூம் பக்கம் நடத்திப் போய்விடுவார். அறுபத்து நாலு வயதில் புதிதாகப் பழகிக்கொண்ட சாமர்த்தியம் அது.

சரிவின் அடியில் நிற்பதால் அந்தப் பதினொன்றுக்கும் கீழ்வரிசை என்று பெயர். ஒரு காலத்தில் தோப்புக்கே பெருமை அந்த வரிசைதான். இப்போது அடிமட்டைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக் கருகித் தொங்கின. குரும்பை நிற்பதில்லை. நின்றது காயானாலும் ஒற்றைக் கைக்குள் அடங்கியது. போன ஆனியில் ஒரு மரத்துக் கொண்டை சாய்ந்ததைப் பார்த்த நாளிலிருந்து குப்பண்ணனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அந்தப் பதினொன்றும் அவருடைய அம்மா கையால் நட்டவை.

பக்கத்துத் தோப்புக்கு வந்த கிருஷிபவன் வேளாண் அதிகாரி யோகப்பிரியாவை மட்டும் அவரால் மோட்டார் ரூம் பக்கம் திருப்ப முடியவில்லை. பக்கத்துச் சித்தூர்க்காரப் பெண், வாய் பேசும்போதே கண் வேறெங்கோ அளந்துகொண்டிருக்கும். நேராகக் கீழ்வரிசைக்குப் போய், மண்ணைத் தோண்டிப் பையில் போட்டுக்கொண்டாள். பத்து நாள் கழித்து முடிவோடு வந்தாள்.

"மண்ணு புளிச்சுக் கெடக்குதுங்கய்யா. மக்னீசியம் சுத்தமாப் பத்தல. மத்த எடத்துல இவ்வளவு மோசம் இல்ல. இந்த வரிசைக்கு முன்னெல்லாம் தனியா ஏதாச்சும் உரம் போடுவீங்களா?"

"ஒண்ணும் போட்டதில்லீங்க. பாறைத் தண்ணி வரும், அவ்வளவுதான்."

"எந்தப் பாறைங்க?"

குப்பண்ணன் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே பாறை இல்லை. பச்சைத் தண்ணீர் தேங்கிய ஒரு பெரிய குழியும், அதன் கரையில் கிரஷர்காரர்கள் விட்டுப் போன கருந்தூசிக் குவியலும்தான் இருந்தன. குவியல் ஓர் ஓட்டு வீட்டு உயரம். அதன் மேல் புல் கரும்பச்சையாகச் செழித்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அந்த நிறத்தில் புல் கிடையாது. யோகப்பிரியா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப அந்தப் பாறைதானுங்க உங்க மரத்துக்குச் சோறு போட்டிருக்குது. கருங்கல்லுல மக்னீசியம், சுண்ணாம்பு, இரும்பு எல்லாம் இருக்குது. மழைக்குக் கொஞ்சங் கொஞ்சமாக் கரைஞ்சு எறங்கும். பாறை போனதும் சாப்பாடு நின்னுபோச்சு. இந்தத் தூசியப் பொடியாச் சலிச்சு, சாணியோட கலந்து மெல்லிசாப் போட்டுக் கொத்தி விடுங்க. வைகாசிப் பாதியில வர்ற எடவப்பாதி மழைக்கு முன்னாடி போட்டீங்கன்னா மரம் பொழைச்சுக்கும். பலன் தெரிய மூணு வருஷம் ஆகும், அவசரப்படக் கூடாது."

அவள் போன பிறகு குப்பண்ணன் வேலியோரம் நெடுநேரம் நின்றார். உரம் பத்தடியில் இருந்தது. ஆனால் அது கிடக்கும் நிலம் அவருடைய தங்கை பழனாத்தாளுக்குச் சொந்தம். பழனாத்தாளோடு அவர் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் பாறைக்குக் காக்காப்பாறை என்று பெயர் வைத்ததே அண்ணனும் தங்கையும்தான். பாறை உச்சியில் ஓர் உரல் அளவுக்குக் குழி இருந்தது. மழைத் தண்ணீர் அதில் மாசக்கணக்கில் நிற்கும், காக்கைகள் குடிக்க வரும். கடலைக்காய் பிடுங்கிய நாட்களில் காய் உலர்த்த அதைவிட நல்ல களம் கிடையாது. காக்காய் ஓட்டுகிற வேலை அண்ணனுக்கும் தங்கைக்கும். ஓட்டிய நேரத்தைவிடத் தின்ற நேரம் அதிகம். தென்னையின் அகன்ற கன்னிமட்டையை வெட்டி அதில் உட்கார்ந்து சரிவில் வழுக்கி வருவார்கள். பின்னால் உட்காருகிறவளுக்குப் பாவாடை கிழியும், வீட்டில் அடி மட்டும் அண்ணனுக்கு விழும். சித்திரை வெயிலில் பழுக்கக் காய்ந்த பாறை மேல் முதல் மழை விழும்போது ஒரு வாசம் எழும். குப்பண்ணன் எத்தனையோ ஊர் போய் வந்துவிட்டார், அந்த வாசம் வேறெங்கும் அவருக்குக் கிடைக்கவில்லை.

மழை வலுத்தால் பாறையின் அடியில் கறுப்பும் வெள்ளையுமாகத் தண்ணீர் வடிந்து கீழ்வரிசைப் பாத்திகளில் போய் நிற்கும். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "பாறை கஞ்சி வடிக்குது பாரு," என்பாள். பத்து வயதுப் பழனாத்தாள் உள்ளேயிருந்து, "உப்புப் போட்டியாம்மா?" என்று கத்துவாள். வருஷா வருஷம் அதே கேள்வி, அதே சிரிப்பு. கல்யாணமாகிப் போகிற வரைக்கும் அவள் அதை விடவில்லை.

அந்தப் பதினொரு கன்றுகளுக்கும் முதல் இரண்டு கோடையில் தண்ணீர் சுமந்தவள் அவள்தான். கிணற்றிலிருந்து இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். அண்ணன் அப்போது கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இதெல்லாம் அப்பா இறந்து பாகம் பிரித்தபோது குப்பண்ணனுக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாகத்தின்போது பழனாத்தாள் தோப்பைக் கேட்கவில்லை. கீழ்வரிசையை மட்டும்தான் கேட்டாள். "அம்மா வெச்ச பதினோரு மரம் போதுமுங்ணா," என்றாள். தோப்பின் நடுவில் இன்னொருவர் பேரா என்று குப்பண்ணனுக்குச் சுருக்கென்றது. பத்திர ஆபீஸில் பத்துப்பேர் நடுவில், "பாறையை எடுத்துக்க அம்மிணி. நீ வெளையாடுன எடந்தானே, பத்திரமா வெச்சு வெளையாடு," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எழுத்தர்கூடச் சிரித்தார். பழனாத்தாள் தலையைக் குனிந்தபடி கையெழுத்துப் போட்டாள்.

ஆறு மாதத்தில் பாறையைக் கிரஷருக்குக் கொடுத்துவிட்டாள். முதல் வெடி வைத்த அன்று குப்பண்ணன் வீட்டு ஓடுகள் குலுங்கின. அந்தப் பொங்கலுக்கு அவர் தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுபோகவில்லை. அடுத்த பொங்கலுக்கும் இல்லை. நாலு வருஷத்தில் காக்காப்பாறை லாரி லாரியாகப் போய்ச் சேர்ந்தது. அனுமதி முடிந்து கிரஷர்காரர்களும் போனார்கள். யாரும் வாங்காத தூசி மட்டும் மிச்சம்.

தங்கையிடம் கேட்பதா? குப்பண்ணனுக்கு மூக்கு நுனியில் இருந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. கல் கல்தானே என்று வேறொரு கிரஷரிலிருந்து இரண்டு டெம்போ தூசி கொண்டுவந்து இறக்கினார். மெல்லிசாக என்று அந்தப் பெண் சொன்னது காதில் விழுந்திருந்தும், கூடப் போட்டால் கூடப் பலன் என்று சாண் கனத்துக்குப் பாத்தி நிரப்பித் தண்ணீரையும் பாய்ச்சினார். சாணி கலக்கவில்லை. ஒரு வாரத்தில் பதினொரு பாத்தியும் சிமெண்ட் பூசினதுபோல் இறுகின. பாய்ச்சிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று கொசு வந்தது.

மனைவி மருதாத்தாள் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, களம் நெம்ப நல்லாப் போட்டிருக்கறீங்க. கடலைக்காய் கொண்டாந்து காய வெச்சறட்டுங்களா?"

குப்பண்ணன் கடப்பாறையை எடுத்துவந்தார். நாலு நாள் இடித்து இடித்து எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டினார். யோகப்பிரியா ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டு, திட்டக்கூட இல்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இது வெள்ளைக்கல்லுங்கய்யா. இதுல நமக்கு வேணுங்கறது கொஞ்சந்தான். பக்கத்துலயே நல்ல கருங்கல்லுத் தூசி கெடக்குது, நீங்க எங்கியோ போய் அலையறீங்க. மழைக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்குது. சாஞ்ச மரம் இன்னொரு கோடை தாங்காது, அதும்பொறகு நீங்க என்ன போட்டாலும் பிரயோஜனம் இல்ல."

அன்று சாயங்காலம் மருதாத்தாள் குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னாள். "ஒத்தைக் கம்பிதானுங்க. நாலு நடை அள்ளிப் போட்டா ஆருக்குத் தெரியப் போகுது?"

மறுநாள் விடியற்காலையில் குப்பண்ணன் கூடையோடு கம்பியைத் தாண்டினார். குவியல் பனியில் நனைந்திருந்தது. குனிந்து இரண்டு கையாலும் அள்ளினார். அள்ளியவருக்கு அந்த வாசம் வந்தது. முதல் மழை வாசம், காக்காப்பாறை வாசம். கன்னிமட்டை, கிழிந்த பாவாடை, வாயெல்லாம் பச்சைக் கடலைக்காய் என்று எல்லாம் ஒன்றாக வந்தது. கையில் இருப்பது அந்தப் பாறைதான். எந்தப் பக்கத்துத் துண்டோ, அவர்கள் வழுக்கிய சரிவோ, காக்கை குடித்த குழியோ. அறுபத்து நாலு வயது மனிதர் குவியல் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். பிறகு அள்ளியதை இருந்த இடத்திலேயே கொட்டி, உள்ளங்கையைத் தட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்பி வந்தார்.

"அது அவளுது. அவகிட்டத்தான் கேக்கோணும்," என்றார் மருதாத்தாளிடம்.

கேட்கப் போவது சரி, வெறுங்கையோடு எப்படிப் போவது? ஒன்பது வருஷச் சீர் பாக்கி நிற்கும் தங்கை வீட்டு வாசலில் அண்ணன் கை வீசிக்கொண்டு போய் நிற்கலாமா? மருதாத்தாள் சீர்க்கூடையைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தாள். வாழைப்பழத் தார், வெல்லம், மஞ்சள், ஒரு சேலை. தேங்காய் பதினொன்று வைக்கவேண்டும் என்று குப்பண்ணனுக்குத் தோன்றியது. ஆனால் கீழ்வரிசைக் காயை எப்படி வைப்பது? நாணமாக இருந்தது. மோட்டார் ரூம் பக்கத்து மரத்திலிருந்து தலையளவுக் காய்களாகப் பறித்து உரித்து அடுக்கினார்.

எருத்தேன்பதியில் பழனாத்தாள் வீட்டு முன் எக்ஸெல் மொபெட்டை நிறுத்தினார். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்தாள்.

"வாங்ணா," என்றாள். பிறகு கூடையைப் பார்த்தாள். "வைகாசியில பொங்கல் சீருங்களா?"

"கொஞ்சம் தாமதமாயிப் போச்சு அம்மிணி."

"ஒம்பது வருசந்தானுங்க. பரவால்ல."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அவள் கூடையை இறக்கி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தேங்காயைக் கையில் எடுத்ததும் நின்றாள். குடுமிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், காதோரம் வைத்து ஆட்டினாள்.

"இது மோட்டார் ரூம் மரத்துக் காயுங்ணா."

"ஆமா."

"கீழ்வரிசைக் காய்க்குக் குடுமிகிட்ட செவப்பாக் கோடு இருக்கும். அம்மா மீனாட்சிபுரத்திலிருந்து கொண்டாந்த வெதை." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "மரமெல்லாம் நல்லாருக்குதுங்களா?"

இதுதான் சமயம். வாயைத் திறந்தால் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ஆனால் தோப்புக்கு வந்தவர்களையெல்லாம் மோட்டார் ரூம் பக்கம் திருப்பிப் பழகிய நாக்கு, "இருக்குது, நல்லாத்தான் இருக்குது," என்றது.

பழனாத்தாள் காயை மற்றவற்றோடு வைத்தாள். சோறு போட்டாள், மோர் ஊற்றினாள். சந்தைக்குப் போயிருந்த வீட்டுக்காரர் வந்தால் சந்தோஷப்படுவார் என்றாள். குப்பண்ணன் உண்டு, கை கழுவி, தூசியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார்.

"கேட்டீங்களா?" என்றாள் மருதாத்தாள், அவர் வண்டியை நிறுத்துவதற்குள்.

"கேக்கல."

"பொறகு எதுக்குங்க போனீங்க? சோறு உண்டுட்டு வாரதுக்கா?"

அவர் நேராகக் கீழ்வரிசைக்குப் போனார். சாய்ந்த மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றார். தங்கை காயைக் காதோரம் வைத்து ஆட்டியதுதான் திரும்பத் திரும்ப மனசில் வந்தது. தண்ணீர் சுமந்தவள் அவள். அவளிடம் எதற்கு இந்த மரங்களை மறைக்கவேண்டும்? தொரட்டியை எடுத்துவந்து மரத்துக்கு ஒன்றாகப் பதினொரு காய் பறித்து உரித்தார். இரண்டு உள்ளே ஆடவே இல்லை, வெறும் கூடு. மற்றவை கைக்குள் அடங்கின. எதையும் ஒதுக்கவில்லை.

மறுநாள் பழனாத்தாள் வாசலில் அதே கூடையை இறக்கி வைத்தார். உட்காரவில்லை.

"நேத்துப் பொய் சொல்லிப் போட்டேன் பழனா. கீழ்வரிசை சாகுது. இதுதான் இப்பக் காய்க்கற காயி."

அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். குடுமியருகில் சிவப்புக் கோடு மெல்லிசாகத் தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பாறையப் பாக்கறப்பெல்லாம் ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சது கேட்டுதுங்ணா. அதுதான் குடுத்துப் போட்டேன். மொத வெடி வெச்ச அன்னைக்கு நானும் சோறு உண்ணல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாறை போனா மரம் சாகும்னு எனக்குத் தெரியாதுங்ணா. சத்தியமாத் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமா? ஒண்ணா இருந்ததைப் பிரிச்சது நான். மரத்தை எனக்கு வெச்சுட்டுப் பாறைய உனக்குத் தள்ளிவிட்டேன். அப்படித் தந்திருக்கக் கூடாது, சிரிக்க வெச்சும் இருக்கக் கூடாது." குப்பண்ணன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தத் தூசி வேணும் பழனா. கேக்கத்தான் நேத்தும் வந்தேன். மரம் பொழைச்சா அந்த வரிசை உன்னுது. இப்பவே எழுதித் தாரேன்."

பழனாத்தாள் கையிலிருந்த காயை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அழுத கண்ணோடு சிரித்தாள்.

"ஏனுங்ணா, அன்னைக்கு வெறும் பாறையத் தந்தீங்க. இன்னைக்குச் சாகற மரத்தைத் தாரீங்களா? நல்ல சாமான் ஒண்ணும் தங்கச்சிக்குத் தரமாட்டீங்க போலிருக்குது. பொழைக்க வெச்சுக் குடுங்க. எத்தனை நாளாகும்?"

"மூணு வருசம்னு சொல்றாங்க."

"அப்ப மூணு வருசத்துக்கு நீங்க எங்கூடப் பேசித்தான் ஆகோணும்."

அடுத்த வாரம் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிராக்டரில் ஏறி வந்து இறங்கினாள். "நங்கையா, சல்லடை இருக்குதுங்களா?" என்று வாசலிலேயே அண்ணிக்குக் குரல் கொடுத்தாள். மருதாத்தாள் நெல் சல்லடையைக் கொண்டுவந்தாள், அப்படியே நாத்தனாரைக் கட்டிப்பிடித்தும் கொண்டாள். குவியலிலிருந்து தூசியை அள்ளிச் சலித்து, சாணியும் கொளிஞ்சித் தழையும் கலந்து, மூன்று பேரும் இரண்டு நாள் வேலை செய்தார்கள். கனமாகப் போடப் போன குப்பண்ணனின் கையைத் தங்கை இரண்டு தடவை தட்டிவிட்டாள். சாய்ந்த மரத்தின் பாத்தியை மட்டும் அவளே கொத்தினாள். மீதிச் சாணியையும் தூசியையும் குவியல் சரிவிலேயே ஒரு வாய்க்கால்போல் இழுத்துவிட்டார்கள், மழைத் தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு பாத்திக்கு வரட்டும் என்று.

எடவப்பாதி ஒரு வாரம் தாமதமாக வந்தது. மத்தியானம் மூன்று மணிக்குப் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இருட்டி, காற்றடித்து, பெரிய துளிகளாக விழ ஆரம்பித்தது. குப்பண்ணன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தோப்புக்கு ஓடினார். வாசம் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் குவியலின் அடியில் தண்ணீர் திரண்டது. கறுப்பும் வெள்ளையுமாக வாய்க்காலில் வழிந்து, கம்பிக்கடியில் நுழைந்து, முதல் பாத்தியில் போய் நின்றது. பிறகு இரண்டாவதில். அவர் ஒவ்வொரு மரமாக அதோடு கூடவே நடந்தார். அம்மா வாசலில் நிற்பதாகவே இருந்தது.

சாய்ந்த மரத்தடியில் நின்று, சட்டைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தார். மழைச் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது.

"பழனா! பாறை கஞ்சி வடிக்குது!"

குப்பண்ணன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். எருத்தேன்பதியிலும் ஓட்டின் மேல் மழை விழுவது கேட்டது. பிறகு, ஐம்பத்தெட்டு வயதுக் குரல் ஒன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டது:

"உப்புப் போட்டீங்களாண்ணா?"